மேய்ச்சல் குதிரையின் காலில் தொற்று: காரணத்தை நிலத்தில் தேடுவது எப்படி?

வெளியில் மேயும் குதிரைகளுக்குக் காலில் பொருக்கு, புண், வீக்கம் வருவது அபூர்வம் இல்லை. வந்ததும் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன மருந்து போடலாம்?" கேட்க வேண்டியதுதான். ஆனால் அதோடு சேர்த்துக் கேட்க வேண்டியவை இன்னும் உண்டு. இந்தக் குதிரை நாள் முழுக்க எங்கே நிற்கிறது? எதன் மேல் நடக்கிறது? எதைத் தின்கிறது?

காலில் தொற்றை உண்டாக்கும் கிருமிகளில் பல மண்ணிலும் சாணத்திலும் ஏற்கெனவே இருப்பவை. சில, நல்ல ஆரோக்கியமான குதிரையின் தோலிலேயே குடியிருக்கும். தோல் முழுசாக இருக்கும்வரை அவற்றால் பெரிய தொல்லை கிடையாது. தோல் ஊறிப்போனாலோ, கீறிக்கொண்டாலோ, வெயிலில் வெந்துபோனாலோதான் உள்ளே நுழைய இடம் கிடைக்கிறது. அதனால்தான் மருந்து போட்டு ஆறிய கால், அதே நிலத்துக்குத் திரும்பியதும் மறுபடி புண்ணாகிறது. இந்த ஊறலும் கீறலும் வேக்காடும் மேய்ச்சல் நிலத்தின் எந்தெந்த இடத்திலிருந்து வருகின்றன என்பதைத்தான் இங்கே ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறோம்.

குறிப்பாகக் கால் ஏன்?

குதிரையின் முன்னங்காலில் முட்டிக்குக் கீழேயும், பின்னங்காலில் அதற்கு இணையான மூட்டுக்குக் கீழேயும் தசை கிடையாது என்றே சொல்லலாம். எலும்பு, தசைநாண், இரத்தக் குழாய், மேலே தோல். அவ்வளவுதான். கணுவுக்கும் குளம்புக்கும் நடுவே ஒரு குறுகிய பகுதி இருக்கிறதே, அதை பாஸ்டர்ன் என்பார்கள். அதன் பின்பக்கத்தில் தோல் மடிந்து ஒரு பள்ளமாக இருக்கும். ஒவ்வொரு அடிக்கும் அந்த மடிப்பு விரிந்து சுருங்குகிறது. ஈரமும் அழுக்கும் முதலில் தங்குவது அங்கேதான். தோல் முதலில் வெடிப்பதும் அங்கேதான்.

இன்னொரு விஷயம் நிணநீர், அதாவது திசுக்களில் மிஞ்சும் நீரைத் திரும்ப இரத்தத்துக்குக் கொண்டுபோகும் திரவம். காலில் சேரும் நிணநீர் மேலே ஏற வேண்டுமென்றால் குதிரை நடக்க வேண்டும். கீழ்க்காலில் தசை இல்லாததால், நடக்கும்போது குளம்பும் கணுவும் அசைவதுதான் அதை மேலே தள்ளுகிறது. குதிரை ஒரே இடத்தில் நின்றுகொண்டே இருந்தால் நீர் கீழேயே தேங்கிவிடும். வீங்கிய தோல் இழுபட்டு மெலிகிறது. அதில் ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும் ஆறுவதற்கு நாளாகும்.

முதல் காரணம் ஈரம்

காலில் வரும் தோல் தொற்றுகளில் பேர்போனது சேற்றுப்புண். பாஸ்டர்னின் பின்புறம், குதிகால் பக்கம், சில சமயம் கணு தாண்டி மேல்வரைக்கும் பொருக்குத் தட்டும். இதற்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது டெர்மட்டோஃபிலஸ் காங்கோலென்சிஸ் என்ற பாக்டீரியா. 1915இல் பெல்ஜியன் காங்கோவில் மாடுகளிடம் முதலில் அடையாளம் காணப்பட்டது, பெயரிலேயே ஊர் இருக்கிறது. கூடவே ஸ்டெஃபைலோகாக்கஸ் வகைகளும் சேர்ந்துகொள்ளும்.

டெர்மட்டோஃபிலஸ் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் ஈரத்தின் மேல் ஏன் இவ்வளவு கவனம் வேண்டும் என்பது புரிந்துவிடும். உலர்ந்த பொருக்குக்குள் இது மாதக் கணக்கில், சில வேளை வருடக் கணக்கில்கூட, ஒன்றும் செய்யாமல் கிடக்கும். அந்தப் பொருக்கு நனைந்தால் போதும், நீந்தக்கூடிய நுண்வித்துகள் வெளியே வரும். தோலிலிருந்து கசியும் கார்பன் டை ஆக்சைடை நோக்கி அவை நகரும். நீந்துவதற்கு ஈரமும், நுழைவதற்குத் தோலில் ஒரு பழுதும் வேண்டும். இரண்டும் கிடைத்தால் மேல்தோலுக்குள் இழையாகப் படர்ந்து அழற்சியை உண்டாக்கும். சீழும் முடியும் இறந்த தோலும் ஒன்றாகக் கெட்டிப்பட்டுப் பொருக்காகின்றன. அந்தப் பொருக்கு அடுத்த மழைக்காகக் காத்திருக்கும்.

ஈரம் இந்தக் கிருமியை எழுப்பிவிடுவதோடு நிற்காது, தோலையும் பலவீனப்படுத்துகிறது. வெகுநேரம் தண்ணீரில் வைத்த விரல் நுனி வெளுத்து, சுருங்கி, லேசாக உரசினாலும் பிய்ந்துவிடுமே, அதே மாதிரிதான் குதிரையின் பாஸ்டர்ன் தோலும். மேல்தோலைக் காக்கும் எண்ணெய்ப்பசை கழுவிப்போகும். செல்கள் நீரை உறிஞ்சி ஊதும். அவற்றின் பிணைப்பு தளரும். அப்படி ஊறிய தோலில் மணல் துகள்கள் உரசினால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். ஆக, சேற்றில் தண்ணீரும் உரசலும் ஒன்றாகவே கிடைக்கின்றன. சுத்தமான தண்ணீரில் சிறிது நேரம் நிற்பதைவிடச் சகதியில் நிற்பது மோசம் என்பதற்கு இதுதான் காரணம்.

சேற்றுப்புண்ணைத் தெரிந்துகொள்ள ஒரு பொருக்கைப் பக்கத்திலிருந்து பார்த்தால் போதும். ஊறி இளகிய பொருக்கை மெதுவாக எடுத்தால் முடிக்கற்றையோடு சேர்ந்து வரும். அடிப்பக்கத்தைத் திருப்பினால் முடியின் வேர்முனைகள் ஒன்றாக நீட்டிக்கொண்டிருக்கும். மஞ்சளும் பச்சையும் கலந்த பிசுபிசுப்பான சீழ் ஒட்டியிருக்கும். பொருக்கு இருந்த இடத்தில் தோல் இளஞ்சிவப்பாக, ஈரமாக, தொட்டால் காலை இழுத்துக்கொள்ளும் அளவுக்கு வலியோடு இருக்கும். எடுத்த பொருக்கை அங்கேயே கீழே போட்டுவிடாதீர்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று மேலே பார்த்தோம். ஒரு காகிதத்தில் சேர்த்து நிலத்தை விட்டு வெளியே கொண்டுபோய் அப்புறப்படுத்துங்கள்.

நிலத்தில் சேறு எங்கே பிறக்கிறது?

மழை எல்லா இடத்திலும்தான் பெய்கிறது. ஆனால் சேறு எல்லா இடத்திலும் இருக்காது. மேய்ச்சல் நிலத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் குறிப்பிட்ட சில இடங்கள் மட்டும் சகதியாகக் கிடப்பது தெரியும்: வாசல், தண்ணீர்த் தொட்டி, வைக்கோல் போடும் இடம், குதிரைகள் ஒதுங்கும் மரத்தடி, ஓடையில் இறங்கும் தடம்.

வாசலையே எடுத்துக்கொள்ளுங்கள். தீனி வரும் நேரம் குதிரைகளுக்குத் தெரியும். அரை மணி முன்பே வந்து நின்றுவிடும். சும்மா நிற்காது, காலை மாற்றி மாற்றி வைக்கும், ஒன்றையொன்று தள்ளும், சில மண்ணைப் பறிக்கும். 400, 500 கிலோ எடை நான்கு குளம்புகளில் இறங்குகிறது. புல் போய்விடும். குளம்பு பதிந்த ஒவ்வொரு குழியும் தண்ணீரைப் பிடித்துவைக்கும். அடியில் மண் இறுகிவிடுவதால் அந்தத் தண்ணீர் கீழே இறங்காது. அதிலேயே சாணமும் சிறுநீரும் கலக்கும். இப்படிச் சில நாட்கள் போனால் கணு மூழ்கும் அளவுக்குச் சகதி. நிலம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், குதிரை நாளின் பெரும்பகுதியை இந்த ஓரிரு இடங்களில் கழித்தால் அதன் கால் காய்வதே இல்லை. ஏக்கர் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு, இடம் தாராளம் என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

சாணத்தையும் மறந்துவிடக் கூடாது. வளர்ந்த குதிரை ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 20 கிலோ சாணம் போடும். அதோடு சிறுநீர். சிறுநீரிலுள்ள யூரியா சிதைந்து அம்மோனியா உண்டாகும்போது அது ஊறிய தோலை மேலும் அரிக்கும். குளம்பின் அடியில் முக்கோணமாக, மெத்தென்று ஒரு பகுதி இருக்கும். அதன் ஓரத்துப் பள்ளங்களில் சாணச் சகதி அடைந்தால் காற்றுப் படாது. காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகளுக்கு அது தோதான இடம். கறுப்பாகக் கசிந்து, மூக்கைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு நாறினால் குளம்பு அழுகல் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதை அப்படியே விட்டால் பள்ளம் ஆழமாகி, உயிருள்ள திசு வரை போய், கணு வரைக்கும் வீக்கம் ஏறும்.

மழைக்காலத்தில் மட்டும்தான் ஈரம் என்று நினைத்துவிட வேண்டாம். அதிகாலைப் பனியில் நனைந்த உயரமான புல்லில் தினமும் மணிக்கணக்கில் மேயும் குதிரைக்கும் பாஸ்டர்ன் ஊறும். நிலத்தில் ஒரு துளி சேறு இல்லாமலேகூடப் பொருக்குத் தட்டுவதற்கு இது ஒரு காரணம். உடைந்த குழாய், நிரம்பி வழியும் தொட்டி இவையும் வறண்ட மாதங்களில் ஈரத்தைக் கொண்டுவரும்.

நல்ல எண்ணத்தில் நாமே செய்யும் கெடுதல் ஒன்றும் இருக்கிறது. தினம் தினம் காலைக் குழாயடியில் பீய்ச்சிக் கழுவி, ஈரத்தோடு அப்படியே விடுவது. சேறு போய்விட்டது என்ற திருப்தி நமக்கு. தோலுக்கோ இன்னொரு முறை ஊறல்தான் மிச்சம். என் கருத்தில், காய வைக்க நேரமில்லை என்றால் கழுவாமலே விடுவது மேல். சேறு காய்ந்ததும் மென்மையான தூரிகையால் தட்டிவிட்டால் பெரும்பகுதி உதிர்ந்துவிடும்.

வறட்சியும் சும்மா விடாது

சேறில்லாத நிலத்துக்கும் அதற்கென்று தொல்லைகள் உண்டு. அறுத்துவிட்ட புல்லின் அடிக்கட்டைகள் காய்ந்ததும் முள்ளாகக் குத்தும். பாஸ்டர்ன் மடிப்பில் நூல் நூலாகக் கீறல்கள் விழும். வெடித்த களிமண் கட்டிகள், கூரான கற்கள் குளம்புக்கு மேல் விளிம்பைச் சிராய்க்கும். பொடி மணல் முடிக்குள் புகுந்து நாள் முழுக்க உரசும்.

இதைவிடப் பெரிய பிரச்சினை ஈரமும் வறட்சியும் மாறி மாறி வருவது. குளம்பு ஈரத்தில் இளகும், வெயிலில் இறுகும். இரண்டு வாரம் மழை, அப்புறம் சுட்டெரிக்கும் வெயில், மறுபடி மழை என்று போனால் குளம்பில் விரிசல் விடும். சுவருக்கும் அடிப்பகுதிக்கும் நடுவிலுள்ள வெண்கோடு தளரும். அந்தக் கோட்டில் ஒரு மணல் துகள் செருகினாலே போதும், அதோடு கிருமியும் உள்ளே போய்விடும். உள்ளே சீழ் கட்டும். குளம்பு விரியாத பொருளாதலால் சீழுக்குப் போக இடமில்லை. நேற்றுவரை நன்றாக ஓடிய குதிரை இன்று காலைத் தரையில் ஊன்றவே மறுக்கும். பார்ப்பவருக்கு எலும்பு முறிந்த மாதிரியே தோன்றும். குளம்பைத் தொட்டால் சூடாக இருக்கும், பாஸ்டர்னில் நாடித்துடிப்பு வலுவாகக் கைக்குத் தட்டுப்படும். இப்படிப்பட்ட சீழ்க்கட்டி ஈரம் தொடங்கும் வாரங்களில் கூடுதலாக வருவதற்குக் காரணம் இதுதான்.

வெள்ளைக் கால் மட்டும் புண்ணானால்

இந்த இடத்தில் நிறைய பேர் ஏமாந்துபோகிறார்கள். அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம். ஒரு குதிரைக்கு இரண்டு கால் வெள்ளை, இரண்டு கால் கறுப்பு. நான்கும் ஒரே சேற்றில்தான் நிற்கின்றன. ஆனால் வெள்ளைக் கால்களில் மட்டும் தோல் சிவந்து, வீங்கி, நீர் கசிந்து, பொருக்குத் தட்டுகிறது. வெள்ளை முடிக்குக் கீழே நிறமியில்லாத தோல் இருப்பதால் அது பொதுவாகவே கொஞ்சம் மென்மையானது என்பது உண்மை. சேற்றுப்புண்கூட வெள்ளைக் காலில் கூடுதலாகத் தெரியும். ஆனால் வெள்ளைக் கால் மட்டும் என்றால் வெயிலையும் செடிகளையும் சந்தேகிக்க வேண்டும்.

சில செடிகளில் ஒளியை உறிஞ்சும் நஞ்சுகள் உண்டு. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மஞ்சள்பூச் செடியிலுள்ள ஹைப்பரிசின் அப்படிப்பட்டது. குதிரை அதைத் தின்றால் நஞ்சு இரத்தத்தோடு தோலுக்கு வரும். நிறமியில்லாத தோலில் வெயில் படும்போது வினையைத் தொடங்கித் திசுவைப் பொசுக்கும். கறுத்த தோலில் நிறமி வெயிலைத் தடுத்துவிடுவதால் அங்கே ஒன்றும் ஆகாது.

இன்னொரு வழி கல்லீரல் மூலம் வருவது. பச்சைப் புல்லிலுள்ள பச்சையம் குடலில் செரிக்கும்போது ஃபைலோஎரித்ரின் என்ற பொருள் உண்டாகிறது. நல்ல கல்லீரல் அதைப் பித்தத்தோடு வெளியேற்றிவிடும். கல்லீரல் பழுதானால் அது இரத்தத்தில் சேர்ந்து, தோலுக்குப் போய், வெயிலில் அதே வேலையைச் செய்யும். அப்போது குதிரை தின்பது சாதாரணப் புல்லாகவே இருக்கலாம். கல்லீரலைக் கெடுத்தது வேறொன்று. ராக்வோர்ட் செடி இதற்குப் பேர்போனது. பச்சையாக இருக்கும்போது கசப்பதால் குதிரைகள் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். வைக்கோலோடு காய்ந்துவிட்டால் கசப்பு போய்விடும், நஞ்சு போகாது. பாதிப்பு வெளியே தெரிய வாரங்கள், மாதங்கள்கூட ஆகும் என்பதால் இன்றைய புண்ணுக்குப் போன பருவத்து வைக்கோல் காரணமாக இருக்கலாம். ஆல்சைக் குளோவர் என்ற தீவனப் பயிர் அதிகம் மண்டிய நிலத்திலும் இதே தொல்லை வருவது உண்டு.

இப்படி வெந்த தோலில் பிறகு பாக்டீரியா ஏறிக்கொள்ளும். கடைசியில் பார்க்க எல்லாம் சேற்றுப்புண் மாதிரியே இருக்கும். அதனால் காலோடு நிற்காமல் மூக்கையும் முகத்தையும் பாருங்கள். மூக்கின் இளஞ்சிவப்புத் தோலும், நெற்றியின் வெள்ளைப் பட்டையும் சேர்ந்து வெந்திருந்தால் அது சேறு செய்த வேலை அல்ல. மூக்கு சேற்றில் நிற்பதில்லையே. உடனே வெயிலிலிருந்து நிழலுக்குக் கொண்டுபோய், கால்நடை மருத்துவரிடம் சொல்லிக் கல்லீரலுக்கான இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். வேறு எந்தச் செடியையும் தின்னாமலே, வெள்ளைக் காலின் நுண் இரத்தக் குழாய்களில் அழற்சி வந்து வெயிலில் மோசமாகும் ஒரு நோயும் உண்டு. அதைத் தோல் மாதிரி எடுத்துப் பார்த்துத்தான் உறுதிசெய்ய முடியும்.

ஈயும் சிற்றுண்ணியும்

காலை ஓயாமல் தரையில் உதைக்கும் குதிரையைப் பார்த்தால் கெட்ட பழக்கம் என்று திட்டாதீர்கள். கொட்டில் ஈ எனப்படும் ஸ்டொமாக்சிஸ் வகை, பார்க்க வீட்டு ஈ மாதிரியே இருக்கும். ஆனால் இரத்தம் குடிக்கும். அதற்குப் பிடித்த இடம் கால்தான். கடித்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு துளி இரத்தமும் ஒரு சின்னப் புண்ணும் மிஞ்சும். இந்த ஈ முட்டையிடுவது அழுகும் வைக்கோலும் சாணமும் சிறுநீரும் கலந்த குப்பையில். அதாவது, வைக்கோல் போடும் இடத்தைச் சுற்றி மிதிபட்டுக் கிடக்கும் அந்தக் கூளத்தில். வெப்பமான நாட்களில் மூன்று வாரத்துக்குள் ஒரு புதுத் தலைமுறை பறக்கத் தொடங்கிவிடும். ஈயை விரட்டும் மருந்தைக் காலில் தெளித்துக்கொண்டே கூளத்தை அப்படியே விட்டுவைத்தால் வருடம் முழுக்கத் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

ஏற்கெனவே இருக்கும் புண்ணில் ஈ உட்காருவதால் வருவது வேறொரு தொல்லை. ஹேப்ரோனீமா என்ற புழு குதிரையின் இரைப்பையில் வாழும். அதன் இளம்புழு சாணத்தில் வெளியேறி, அங்கே வளரும் ஈயின் உடலுக்குள் போய்ச் சேரும். அந்த ஈ புண்ணில் உட்காரும்போது இளம்புழுவை அங்கே விட்டுவிடும். புண் ஆறாமல் சதை பொங்கி நிற்கும். உள்ளே மஞ்சள் நிறக் குறுணைகள் தென்படும். கோடையில் ஆறாத புண் என்றால் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஷையர், கிளைடெஸ்டேல், ஃப்ரீஷியன் போன்ற, காலில் நீண்ட முடி தொங்கும் இனங்களுக்கு கோரியோப்டிஸ் என்ற சிற்றுண்ணி தனித் தொல்லை. தோலின் மேற்பரப்பில் வாழ்ந்து அரிப்பை உண்டாக்கும். குதிரை காலைக் காலால் தேய்க்கும், பல்லால் கடிக்கும், கம்பத்தில் உரசும். அந்தக் காயத்தில்தான் பாக்டீரியா ஏறும். குளிர்மாதங்களில் இது கூடும். விலங்கை விட்டு உதிர்ந்த பிறகும் படுக்கையிலும் தூரிகையிலும் வாரக் கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால், குதிரைக்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு மற்றதை மாற்றாமல் விட்டால் திரும்ப வந்துவிடும். எத்தனை மருந்து போட்டும் சேற்றுப்புண் ஆறவில்லை, குதிரை காலை உதைத்துக்கொண்டே இருக்கிறது என்றால் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லலாம்.

கம்பி, முள், தேங்கிய தண்ணீர்

ஒரே ஒரு கால், பெரும்பாலும் பின்னங்கால், ஒரே இரவில் இரண்டு மடங்காக வீங்கி நிற்பதைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். காய்ச்சல், தொட்டால் துடிப்பு, தீனியில் ஆர்வமில்லை. தோலுக்கு அடியில் திசுவிலும் நிணநீர்க் குழாய்களிலும் தொற்று பரவியிருக்கிறது. இது அவசரம். நுழைந்த இடத்தைத் தேடினால் பல சமயம் கிடைக்காது. கம்பி வேலியில் பட்ட ஒரு குத்து, ஒரு முள், ஏற்கெனவே இருந்த சேற்றுப்புண்ணின் ஒரு வெடிப்பு, இப்படி ஏதோ ஒன்று. கால் புண் சின்னதுதானே என்று விட்டுவைக்கக் கூடாது என்று நான் வலியுறுத்துவது இதற்காகத்தான். ஒரு தடவை இப்படி வீங்கிய காலில் நிணநீர்க் குழாய்கள் பழுதாகி, பிறகு அடிக்கடி வீங்கும் பழக்கம் வந்துவிடுவது உண்டு.

அதனால் வேலியைச் சுற்றிப் பார்ப்பதும் கால் வைத்தியத்தில் சேர்த்திதான். தொங்கும் முள்கம்பி, நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி, புல்லுக்குள் மறைந்த பழைய இரும்பு, முட்புதர். மண்ணிலும் சாணத்திலும் ரணஜன்னிக் கிருமியின் வித்துகள் இருக்கும். அந்த நோய்க்கு மிக எளிதில் ஆளாகும் விலங்குகளில் குதிரை முக்கியமானது. தடுப்பூசி மட்டும் தவறவே கூடாது.

காலில் கோலிக்குண்டு அளவுக் கட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக, நிணநீர்க் குழாய் ஓடும் வழியில் வரிசையாக எழும்பி உடைந்தால், தானாக மருந்து போடும் வேலையே வேண்டாம். மண்ணிலுள்ள சில பாக்டீரியாக்களும், முள் குத்திய வழியாக நுழையும் ஸ்போரோத்ரிக்ஸ் பூஞ்சையும் இப்படிச் செய்யும். மனிதருக்கும் தொற்றக்கூடிய, பல நாடுகளில் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய கிளாண்டர்ஸ் நோயும் இதே தோற்றத்தில் வரலாம். குதிரையைத் தனியாக நிறுத்திவிட்டு மருத்துவரை வரவழையுங்கள்.

வெப்பமான பகுதிகளில் தேங்கிய தண்ணீரில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. பித்தியம் இன்சிடியோசம் என்ற உயிரி பூஞ்சை மாதிரித் தோன்றினாலும் பூஞ்சை அல்ல, நீர்ப்பாசிகளுக்கு நெருங்கிய வகை. குட்டையிலும் சதுப்பிலும் அழுகும் செடிகளின் மேல் வாழும். வெதுவெதுப்பான தண்ணீரில் அதன் நீந்தும் வித்துகள் வெளிப்பட்டு, அதில் நிற்கும் குதிரையின் காலில் ஒரு சின்னக் காயத்தின் வழியே நுழைந்துவிடும். புண் வேகமாகப் பெரிதாகும், பயங்கரமாக அரிக்கும், கயிறு கயிறாக நீர் வடியும், உள்ளே மஞ்சளும் சாம்பலும் கலந்த கெட்டியான துண்டுகள் இருக்கும். சீக்கிரம் கண்டுபிடித்து அறுவை செய்தால் பிழைக்க வாய்ப்பு அதிகம். தாமதித்தால் எலும்பு, மூட்டு வரை போகும். குட்டையில் இறங்கி நிற்கும் குதிரைக்கு இரண்டு வாரமாக ஆறாத, வளர்ந்துகொண்டே போகும் புண் என்றால் பொறுத்திருக்காதீர்கள்.

எது காரணம் என்று பிரித்தறிவது

காரணங்கள் இவ்வளவு இருக்கும்போது எதிலிருந்து தொடங்குவது என்று மலைப்பு வரலாம். சில கேள்விகளுக்குப் பதில் எழுதிவைத்தாலே பாதி தெளிந்துவிடும். ஒரே நிலத்தில் மேயும் பல குதிரைகளுக்கு வந்திருக்கிறதா? அப்படியானால் நிலத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும், சேறு, ஈ, செடி என்று. ஒரு குதிரைக்கு மட்டும் என்றால் அதன் முடி, நிறம், பழைய காயம், சிற்றுண்ணி. நான்கு காலிலுமா, ஒரு காலிலா? ஒரு கால் மட்டும், அதுவும் திடீரென்று என்றால் குத்து அல்லது கீறல். வெள்ளைக் காலில் மட்டுமா? அரிப்பா, வலியா? அரிப்பு சிற்றுண்ணியையும் ஈயையும் காட்டும். வலி சேற்றுப்புண்ணையும் ஆழமான தொற்றையும். எந்த மாதம் தொடங்கியது, அதற்கு முன்னால் நிலம் மாறியதா, வைக்கோல் மாறியதா, புதுக் குதிரை வந்ததா? மருத்துவர் வரும்போது இந்தக் குறிப்பைக் காட்டினால் அவருக்கும் நேரம் மிச்சம்.

ஒரு எளிய சோதனையும் உண்டு. குதிரையைச் சில நாட்கள் உலர்ந்த, சுத்தமான படுக்கை போட்ட இடத்தில் வைத்து, பகலில் உலர்ந்த தரையில் நடக்கவிட்டுப் பாருங்கள். வேறொன்றும் செய்யாமலே கால் தேறத் தொடங்கினால் ஈரத்தின் மேல் சந்தேகம் வலுக்கும். நிழலிலும் இருந்ததால் தேறியதா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

நிலத்தில் என்ன மாற்றலாம்?

முழு நிலத்தையும் சீராக்க யாராலும் முடியாது, தேவையும் இல்லை. குதிரை அதிக நேரம் நிற்கும் இரண்டு மூன்று இடங்களைச் சரிசெய்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். வாசலிலும் தொட்டியடியிலும் மேல்சேற்றை வழித்துவிட்டு, ஜியோடெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் செயற்கை விரிப்பு) விரித்து, அதன்மேல் ஜல்லி போட்டு இறுக்கலாம். துணி இல்லாமல் ஜல்லி மட்டும் கொட்டினால் நாளடைவில் ஜல்லி சேற்றுக்குள் இறங்கிவிடும். மரச்சில்லுகள் சீக்கிரம் கிடைக்கும், மெத்தென்றும் இருக்கும். ஆனால் மக்கிப்போய் அவையே சேறாகும் என்பதால் அவ்வப்போது அள்ளிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும்.

செலவே இல்லாத வழி, தீனி போடும் இடத்தை மாற்றிக்கொண்டே இருப்பது. வைக்கோலை வாசலுக்குப் பக்கத்தில் போடாமல் மேட்டுப்பாங்கான இடத்தில், ஒவ்வொரு சில நாளும் வேறு வேறு இடத்தில் போடலாம். ஈரப் பருவத்தில் நிலத்தின் ஒரு மூலையை மட்டும் கெட்டித் தரையாக்கி, குதிரைகளை நாளில் சில மணி நேரமாவது அங்கே நிறுத்தினால் கால் காய வாய்ப்புக் கிடைக்கும், மீதிப் புல்லும் பிழைக்கும். ஓடைக்கரை நொறுங்கிச் சதுப்பாகியிருந்தால் வேலி போட்டுத் தடுத்துவிட்டுத் தொட்டியில் தண்ணீர் கொடுங்கள். சாணத்தை வாரத்துக்கு இரண்டு முறையாவது அள்ளினால் ஈ, புழு, குளம்பு அழுகல் மூன்றுமே குறையும். நச்சுச்செடிகளை வேரோடு பிடுங்கி அப்போதே வெளியேற்றிவிட வேண்டும், பிடுங்கிய இடத்திலேயே காயவிட்டால் ராக்வோர்ட் போன்றவை இன்னும் ஆபத்து.

காலுக்கான கவனிப்பில் முக்கியம் உலர்வு. புண்ணைக் கழுவ வேண்டியிருந்தால் நீர்த்த குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் மெதுவாகக் கழுவி, சுமார் பத்து நிமிடம் ஊறவிட்டு, அலசி, சுத்தமான துணியால் ஒற்றி முழுவதும் காய வைக்க வேண்டும். எவ்வளவு நீர்த்தது என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கெட்டியாகப் போட்டால் தோல் எரிந்துபோகும். காய்ந்து ஒட்டியிருக்கும் பொருக்கைப் பிடித்து இழுக்காதீர்கள், அது புதுப் புண்ணை உண்டாக்கும். அழுக்கும் ஈரமும் உள்ள தோலின் மேல் கெட்டியான களிம்பை அப்பினால் கிருமியை உள்ளே வைத்து மூடுவதாகிவிடும். களிம்பு, சுத்தமாகக் காய்ந்த நல்ல தோலில், சேற்றுக்குப் போவதற்கு முன் போட வேண்டிய தடுப்பு.

குதிரையின் உடல்வெப்பம் சாதாரணமாக 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். அதைத் தாண்டினால், நொண்டினால், வீக்கம் முட்டியை நோக்கி ஏறினால், அல்லது ஒழுங்காகக் கவனித்தும் ஒரு வாரத்தில் தேறவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். புண்ணைத் தொடும்போது உங்கள் கையுறையை மறக்காதீர்கள். டெர்மட்டோஃபிலஸ் மனிதர் தோலிலும் தொற்றும். ஒரு குதிரைக்குப் பயன்படுத்திய தூரிகை, துணி, கால்கட்டு ஆகியவற்றைக் கிருமி நீக்காமல் அடுத்த குதிரைக்குக் கொண்டுபோகவும் வேண்டாம்.